புளி படாத குடம்

பார்த்து உட்காரு, தாயி. அந்தப் பையில் கால் பட்டுவிடக் கூடாது. சாமிக்குப் போகிற பொருள். இல்லை, மேலே வைக்க வேண்டாம். மேலே வைத்தால் எவனாவது மூட்டையைப் போட்டு நசுக்கிவிடுவான். என் காலடியிலேயே கிடக்கட்டும். நீ கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டால் போதும்.

நான் திருமங்கலத்தில் இறங்கணும். நீ மதுரை வரைக்குமா? நல்லதாகப் போயிற்று. திருமங்கலம் வந்தால் எனக்குச் சொல்லிவிடு. பேச ஆரம்பித்தால் எனக்கு ஊர் போவது தெரியாது. 'நீ பேசுற பேச்சுக்கு பஸ் பெட்ரோல் இல்லாமலே ஓடும்' என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். இப்போது அவரோடு நான் பேசுவது கிடையாது. மனுசர் செய்த காரியம் அப்படி. அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் கையில் இருக்கிற தண்ணீர் பாட்டில் ஸ்டீல்தானே? சரி, சரி. அலுமினியமோ என்று பார்த்தேன். அலுமினியம் என்ற பேரைக் கேட்டாலே எனக்கு இப்போது குமட்டிக்கொண்டு வருகிறது. ஏன் என்று கேட்கிறாயா? சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் காளியம்மன் கோவில் மணி கீறல் விட்டுப்போயிற்று. பங்குனிப் பொங்கலுக்குள் புது மணி வார்க்க வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தார்கள். கோவில் கமிட்டிக்கு எங்கள் வீட்டுக்காரர்தான் தலைவர். அவர்தான் திருமங்கலத்துக்குப் போய்ப் பூவலிங்கம் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சுத்துப்பட்டில் மணி வார்க்க அவனை விட்டால் ஆள் இல்லை என்கிறார்கள். ஆள் எப்படி என்றால், வாயில் எந்நேரமும் வெற்றிலை, நெஞ்சு வரை திறந்த சட்டை, யாரைப் பார்த்தாலும் ஒரு அதட்டல். கோவில் சுவர் ஓரமாகவே சளப் சளப்பென்று துப்புகிறான். நான் சொன்னேன், "ஆசாரி, இது அம்மன் சந்நிதி." அவன், "நான் துப்புறதைப் பாக்காதீங்கம்மா, நான் ஊத்துறதைப் பாருங்க" என்றான்.

மணி எப்படி வார்ப்பார்கள் தெரியுமா உனக்கு? நானும் அதுவரை பார்த்ததில்லை. கோவிலுக்கு முன்னால் ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு குழி தோண்டினான். களிமண்ணையும் உமியையும் சாணியையும் ஒன்றாகப் போட்டுக் காலால் மிதித்தான். ஆமாம், சாணி. அதில் உள்ளே ஒரு மண் மணி செய்தான். அதன் மேல் கவிழ்க்கிற மாதிரி வெளியே ஒரு மண் கூடு. இரண்டுக்கும் நடுவில் விரல் கனத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் உருக்கின வெண்கலம் ஓடி நிறையும். ஆறினபிறகு மண்ணை உடைத்து எடுத்தால் மணி. குழந்தை பிறக்கிற மாதிரிதான், அத்தனை அழுக்குக்கு நடுவிலிருந்து வரணும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மணி வார்க்கும்போது வீட்டுக்கு ஒரு பாத்திரம் கொடுக்க வேண்டும். அதையும் அந்த வீட்டுப் பெண்ணே தன் கையால் உருக்கில் போட வேண்டும். பின்னால் மணி அடிக்கும்போது எல்லா வீட்டுக் குரலும் அதில் சேர்ந்து கேட்கும் என்பார்கள். ஆசாரி அதற்கு ஒத்துக்கொண்டான். ஆனால் ஊர்க்கூட்டத்தில் எழுந்து ஒன்று சொன்னான். "செம்பும் வெள்ளீயமும் நான் கொண்டாரேன். வெண்கலப் பாத்திரம் கொடுத்தா சந்தோசம். பித்தளை கொஞ்சம் விழுந்தாலும் பாதகமில்ல. அலுமினியம் மட்டும் ஆகாது. ஒரு டம்ளர் விழுந்தாக்கூட மணி ஊமையாயிரும். அதனால எல்லாப் பாத்திரத்தையும் விளிம்புல அரம் போட்டுப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவேன். மேல என்ன நிறமும் பூசலாம். ஒரு இழுப்பு இழுத்தா உள்ள வெள்ளையா மஞ்சளானு தெரிஞ்சிரும்."

நியாயமான பேச்சு. நான் கூடத் தலையாட்டினேன்.

ஆனால் ஜனங்கள் கொண்டுவந்து குவித்த பாத்திரங்களை நீ பார்த்திருக்க வேண்டும், தாயி. வேண்டாம், நீ பார்த்திருக்க வேண்டாம். பச்சைப் பச்சையாகக் களிம்பு. அடியில் கரி. ஒருத்தி கொண்டுவந்த செம்புக்குள் பல்லி முட்டை. இன்னொருத்தி வீட்டு உருளியில் எந்தக் காலத்துப் புளிக்குழம்போ காய்ந்து ஒட்டியிருக்கிறது. சாமிக்குக் கொடுக்கிறோமே, கழுவிக் கொடுப்போம் என்ற எண்ணம் ஒருத்திக்கும் இல்லை. 'உருகத்தானே போகுது அக்கா' என்கிறார்கள். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று வந்தது பார். வடிவு கொண்டுவந்தாள். வடிவு என்பவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. கொழுந்தன் இறந்துபோய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே முற்றத்தில் கோலம் போட்டவர்கள். அவள் என்ன கொண்டுவந்தாள் என்று நினைக்கிறாய்? எங்கள் மாமனார் வெற்றிலை துப்பின எச்சில் பணிக்கம். அந்த மனுசர் படுக்கையில் கிடந்த காலத்தில் அதில் வெற்றிலை மட்டுமா துப்பினார்? நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அதை அம்மன் மணிக்குக் கொண்டுவந்து நிற்கிறாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அந்த ஆசாரி என்ன செய்தான் தெரியுமா? பணிக்கத்தைக் கையில் வாங்கி, சுண்டிவிட்டு, போனில் பேசுகிறவன் மாதிரி காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். "இதுதாம்மா வெண்கலம்" என்றான். இனம் இனத்தோடு சேரும். துப்புகிறவனுக்குப் பணிக்கம் பிடிக்காமல் போகுமா?

நான் கொடுக்க நினைத்தது வேறு. என்னிடம் இரண்டு குடம் இருந்தது. ஜோடிக் குடம். அதைப் பற்றி உனக்குச் சொல்லணும்.

எனக்குக் கல்யாணம் ஆகி வந்தபோது எங்கள் அம்மா வீட்டில் பித்தளைப் பாத்திரம் எதுவும் தர முடியவில்லை. வசதி இல்லை. அடுத்த வருசம் வடிவு வந்தாள், ஜோடிப் பித்தளைக் குடத்தோடு வந்தாள். ஊரே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. 'மூத்தவ வெறுங்கையா வந்தா, இளையவ குடத்தோட வந்தா' என்று மாமியார் என் காதுபடச் சொன்னாள். அன்றைக்கு ராத்திரி நான் எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், எனக்கும் ஜோடிக் குடம் வராமல் இந்த வீட்டில் தண்ணீர் எடுக்க மாட்டேன் என்று. அவர் அப்போது மில்லில் தினக்கூலி. இருந்தும் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போனவர், பொருட்காட்சியில் இரண்டு குடம் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். நிறம் என்றால் என்ன நிறம்! வடிவு குடம் அதற்குப் பக்கத்தில் வேலைக்காரி மாதிரி இருந்தது. "பம்பாய்ப் பித்தளை. நம்ம பக்கம் கிடைக்காது. இதுக்குப் புளியே போட வேண்டாம்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கம். பெண்டாட்டிக்குப் பொருள் வாங்கிக் கொடுக்கிற ஆம்பளைக்கு அந்தக் காலத்தில் வெட்கம் இருந்தது.

அவர் சொன்னது சத்தியமான வார்த்தை, தாயி. இத்தனை வருசத்தில் அந்தக் குடத்தின் மேல் புளி பட்டதில்லை. சாம்பல் பட்டதில்லை. துணியால் துடைத்தால் போதும், அன்றைக்கு வாங்கின மாதிரி மின்னும். ஒரு பொட்டுக் களிம்பு பிடித்ததில்லை. வடிவு என்னவென்றால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கிணற்றடியில் உட்கார்ந்து புளியைப் போட்டு வறட்டு வறட்டென்று தேய்ப்பாள். கை கறுத்து, நகம் கறுத்து, கிட்டப் போனால் புளி நாற்றம். நான் மேலே நின்றுகொண்டு, "ஏன் வடிவு, ஒங்க அம்மா வீட்டுல பம்பாய்க்கு ஆள் அனுப்பலையா?" என்று கேட்பேன். சிரித்துக்கொள்வாள்.

ஒரே ஒரு தடவை அவள் என் குடத்தைத் தொட்டாள். வாங்கின புதிதில். ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, காத்து மாதிரி இருக்கே" என்றாள். எங்கள் வீட்டுக்காரர் அங்கேதான் நின்றார். அவளைப் பார்த்தார். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் இன்றைக்கு வரை அந்தக் குடத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் வந்ததில்லை. அவ்வளவு பொறாமை மனசுக்குள்.

காற்று மாதிரி இருக்கிறது என்றால் என்ன குறை? கனம் இருந்தால்தான் பொருளா? அம்மிக்கல்லும்தான் கனமாக இருக்கிறது.

மணிக்கு அந்தக் குடத்தில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்றதும் எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். வேண்டாம் என்றார். வீட்டில் வெண்கலக் கும்பா ஒன்று இருக்கிறது, அதைக் கொடு என்றார். நான், சாமிக்கு மிச்சத்தைக் கொடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது என்றேன். "அது நான் உனக்கு வாங்கிக் கொடுத்தது. வீட்டுலயே இருக்கட்டும்" என்றார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். எனக்கே கொஞ்சம் இளகிவிட்டது. அந்தக் குடத்தின் மேல் மனுசருக்கு அத்தனை பாசம். அதனாலேயே கொடுத்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். பாசம் இல்லாத பொருளைக் கொடுத்தால் அது காணிக்கையா?

வார்ப்பு நாள் வந்தது. காலையிலேயே முகூர்த்தம். ஊதுலையில் கரி வெள்ளையாக எரிகிறது. நடுவில் உலோகம் உருக்குகிற பெரிய மண் மூசை. செம்பும் ஈயமும் உள்ளே உருகிக் கிடக்கிறது, பார்த்தால் கண் கூசும். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணாக வந்து பாத்திரத்தைக் கொடுக்க, ஆசாரி அரம் போட்டுப் பார்க்க, அவன் ஆள் சம்மட்டியால் அடித்து நசுக்க, அவள் குறட்டால் பிடித்து உள்ளே விட, ஒரே குலவைச் சத்தம். நான் தலைவர் வீட்டுக்காரி. கடைசியாகப் போடுகிற மரியாதை எனக்கு. எனக்கு முன்னால் வடிவு.

வடிவு பணிக்கத்தைப் போட்டாள். அதை நசுக்க முடியாமல் அந்த ஆள் அடித்து அடித்துக் களைத்துப்போனான், அது கணீர் கணீரென்று கத்துகிறது. அப்புறம் இடுப்பிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தாள். ஆசாரியிடம் பிரித்துக் காட்டினாள். அவன் தலையை ஆட்டினான். போட்டாள். போடும்போது வெள்ளையாக ஏதோ மின்னியது. நான் பார்த்தேன். வெள்ளையாக.

அப்புறம் என் முறை. ஆசாரி கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. அந்தக் கையால் சற்று முன்புதான் வாயைத் துடைத்திருந்தான். அதோடு, குடத்தின் கழுத்தில் எங்கள் இரண்டு பேர் பேரும் வெட்டியிருக்கிறது. அந்த இடத்தில் அவன் அரத்தைப் போட்டு இழுப்பானா? "ஊரு முன்னால எங்க வீட்டுப் பொருளை நீ சோதிக்கிறியா, ஆசாரி?" என்று கேட்டேன். அவன் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். நேரம் போகிறது என்று பூசாரி அவசரப்படுத்தினார். "தலைவரே, ஒங்க பொறுப்பு" என்றான் ஆசாரி.

சம்மட்டிகூட வேண்டியிருக்கவில்லை, தாயி. நான் கீழே வைத்து ஒரு மிதி மிதித்தேன். சப்பென்று அப்பளம் மாதிரி மடங்கிவிட்டது. சாமி காரியம் என்றால் உலோகம்கூட இளகிக் கொடுக்கிறது. என் கையால் உள்ளே விட்டேன். குலவை போட்டார்கள்.

கொஞ்ச நேரம்தான். ஆசாரி மூசைக்குள் எட்டிப் பார்த்தவன் வெற்றிலையைத் துப்பிவிட்டான். உருக்கின் முகம் மாறிப்போயிற்று என்றான். கண்ணாடி மாதிரி இருந்ததன் மேல் பாலில் ஆடை படிகிற மாதிரி ஒரு தோல். அவன் கரண்டியால் வழித்தெடுக்கிறான், மறுபடி படிகிறது. வழிக்கிறான், படிகிறது. யாரையோ திட்டிக்கொண்டே வழித்தான். அச்சு சுட்டுத் தயாராக இருக்கிறது, இனி நிறுத்த முடியாது. ஊற்றிவிட்டார்கள். கூழ் ஊற்றுகிற மாதிரி மந்தமாகப் போயிற்று.

மறுநாள் மண்ணை உடைத்தார்கள். மணியா அது? கிழவன் தோல் மாதிரி மடிப்பு மடிப்பாக. ஒரு பக்கம் சின்னச் சின்ன ஓட்டை. ஆசாரி மரக்கட்டையால் தட்டினான்.

டப்.

அவ்வளவுதான். ஊர்ச் சனம் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது, ஒரு ரீங்காரமாவது வருமா என்று. மறுபடி தட்டினான். டப். சில பெண்கள் அழுதுவிட்டார்கள். எனக்கு அந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை.

ஊர் கூடியது. ஆசாரி சொன்னான், அலுமினியம் விழுந்திருக்கிறது, முகம் மாறினது கடைசியில்தான், கடைசியாக விழுந்ததில்தான் கோளாறு என்று. யார் என்று கேட்டார்கள். "யார்னு நான் சொல்ல மாட்டேன். கண்ணால பாக்காததை நான் சொல்றதில்ல" என்றான். எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தருக்கும் மூளை இல்லை. இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது? கடைசியாகப் போட்டது நான். நான் போட்டது பம்பாய்ப் பித்தளை. அப்படியென்றால் எனக்கு முன்னால் போட்டதுதானே?

நான் எழுந்து கேட்டேன், அந்தத் துணி முடிச்சில் என்ன இருந்தது என்று. வடிவு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் விடவில்லை. வெள்ளையாக மின்னியதை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். கடைசியில் சொன்னாள். "என் மெட்டிக்கா. அவுக போன அன்னிக்குக் கழட்டினது." ஆசாரியும் ஆமாம், வெள்ளி மெட்டிதான், வெள்ளியால் மணிக்கு ஒரு கெடுதலும் இல்லை என்றான். எனக்கு அருவருப்பாகப் போயிற்று. புருசன் செத்தபோது கழற்றின மெட்டியை மங்கலமாக அடிக்கிற மணியில் போடுவாளா ஒருத்தி? எச்சில் பணிக்கம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இவ்வளவு செய்கிறவள் மெட்டியோடு அலுமினியத்தையும் சேர்த்து முடிந்திருக்க மாட்டாளா? என் குடம் விழுகிற மணியில் குறை வரணும் என்று அவளுக்கு எத்தனை வருச எரிச்சல்.

அதைச் சபையிலேயே சொன்னேன். சனமும் மெல்ல மெல்ல என் பக்கம் சாய்ந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வடிவு அம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யணும், செய்யாவிட்டால் பங்குனிப் பொங்கலுக்கு அவள் பானை கோவிலுக்கு வரக்கூடாது என்று பேசி முடித்தார்கள். சரி என்று அவள் எழுந்து போய்விட்டாள். ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னாளா? சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு.

ஐயோ, இந்த டிரைவருக்குப் பள்ளம் மேடு தெரியாதா? பையைப் பிடி, பையைப் பிடி. கம்பியில் இடித்துவிட்டது. இல்லை, உடைய ஒன்றும் இல்லை. சத்தம் கேட்டுப் பயந்துவிட்டாயா? அது அப்படித்தான், டப்பென்று அடக்கமாகத்தான் பேசும். வடிவு வீட்டுக் குடம் மாதிரி தொட்டவுடன் கணகண என்று ஊரைக் கூட்டாது. எங்கே விட்டேன்? ஆமாம், கற்பூரம்.

வெள்ளிக்கிழமை கோவில் நிறைய ஆள். தாம்பாளத்தில் கற்பூரம் எரிகிறது. வடிவு தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து நின்றாள். கையை ஓங்கினாள். அப்போது எங்கள் வீட்டுக்காரர் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"அவ சத்தியம் செய்ய வேண்டாம். தப்பு என் வீட்டுல இருந்து வந்தது" என்றார்.

பூசாரி, "தலைவரே, யோசிச்சுப் பேசுங்க" என்றார். இவர், இத்தனை வருசமாக யோசித்துக்கொண்டுதான் இருந்தேன் என்றார். அதோடு விட்டாரா? தம்பி பெண்டாட்டி முன்னால் கையைக் கூப்பிக் கும்பிட்டார். வயசில் மூத்த மனுசர், கோவில் தலைவர், அந்தப் புளிக் கைக்காரியைப் பார்த்துக் கும்பிடுகிறார். அவள் பதறிப்போய், "விடுங்க அத்தான். ஒரு கற்பூரம் அடிச்சா என் கை சுட்டுறவா போகுது? அக்கா மனசு என்னாகும்?" என்றாள். என் மனசைப் பற்றி அவள் பேசுகிறாள், பார்த்துக்கொள்.

எனக்கு விளங்கிவிட்டது. தம்பி வீடும் என் வீடு என்று எப்போதும் சொல்கிற மனுசர். தம்பி பெண்டாட்டி பொய்ச் சத்தியம் செய்து பாவத்தைத் தேடிக்கொள்ளக் கூடாது என்று பழியைத் தன் வீட்டின் மேல் போட்டுக்கொண்டார். தன் வீடு என்றால் யார்? நான் அல்லவா உள்ளே இருக்கிறேன்? சனம் அவரைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் என் மேல் திரும்பியது. என் வாழ்நாளில் அப்படிக் கூசிப்போனதில்லை. கமிட்டித் தலைவர் பதவி வேண்டாம் என்று சாவியையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து நான் பேசவில்லை. அவர் மூன்று நாலு தடவை வந்து, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், கேளு" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். வடிவைப் பற்றி ஒரு சொல் பேசினால் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று எழுந்துவிட்டேன். "வடிவைப் பத்தி இல்ல, குடத்தைப் பத்தி" என்கிறார். குடத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா இவருக்குத் தெரியும்? ஒரு நாளாவது அதைத் துடைத்திருப்பாரா? பேச்சை மாற்றுகிறாராம்.

ஏன் தாயி, உன் முகம் ஒரு மாதிரி போகிறது? பஸ் ஒத்துக்கொள்ளவில்லையா? ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள். எலுமிச்சம்பழம் இருக்கிறது, தரட்டுமா?

இப்போது மறுபடி வார்க்கிறார்கள். ஊமையாய்ப் போன அந்த மணியின் உலோகம் ஒரு துண்டுகூட உதவாதாம். ஆசாரி எங்கள் ஊருக்கு வர மாட்டேன் என்றுவிட்டான். திருமங்கலத்தில் அவன் பட்டறையில்தான் வார்ப்பு. பாத்திரம் கொடுக்கிறவர்கள் அங்கே வரணும். வாசலிலேயே வைத்து எல்லார் முன்னாலும் குறுக்கே அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவானாம், அது மகாராணி வீட்டுப் பாத்திரமாக இருந்தாலும். ஊர்ச் சனம் வேனில் வருகிறது. வடிவும் வருகிறாள், தன் ஜோடிக் குடத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு. அந்த வேனில் அவளோடு உட்கார எனக்கு மனசில்லை. அதனால்தான் இந்த பஸ்.

பையில் இருப்பது என் இரண்டாவது குடம். இதையும் கொடுக்கப்போகிறேன் என்று நேற்று வேலைக்காரப் பெண்ணிடம் சொன்னேன். காலையில் பார்த்தால் அலமாரியில் குடத்தைக் காணோம். வீடெல்லாம் தேடினேன். மாட்டுத் தொழுவத்தில் வைக்கோலுக்கு அடியில் கிடக்கிறது. யார் ஒளித்து வைத்தது? அவர்தான். குடத்தோடு வாசல்படி தாண்டும்போது என் முன்னால் வந்து, தடுக்கவும் தைரியமில்லாமல், விடவும் மனசில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "போகாத. ஊரு முன்னால வேண்டாம். என்னை எது வேணா சொல்லு, அது மட்டும் வேண்டாம்" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். அந்தத் தம்பி பெண்டாட்டி மானத்துக்கு இவ்வளவு கண்ணீர். சீ என்று போயிற்று எனக்கு. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

போன தடவை நான் அரம் போட விடவில்லை. அது நான் செய்த மரியாதை, அதைத்தான் சனம் இப்போது தப்பாகப் பேசுகிறது. இந்தத் தடவை நானே முதல் ஆளாகப் போய் நிற்பேன். இதோ பார், பஸ் ஸ்டாண்டு கடையில் புது அரம்கூட வாங்கி வைத்திருக்கிறேன். ஆசாரி அரம் மழுங்கியிருந்தால்? "இந்தா, எங்கே வேணும்னாலும் இழு. பேர் வெட்டின இடத்துலயே இழு. உள்ள என்ன நிறம்னு ஊருக்குக் காட்டு" என்று சொல்வேன். என் குடம் சுத்தம் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் மிச்சம் யார்? வடிவு முகத்தில் அப்போது ஈயாடாது. அவரும் தெரிந்துகொள்ளட்டும், யாருக்காக யாரைக் காட்டிக்கொடுத்தோம் என்று.

என்ன, ஏதோ சொல்ல வருகிறாய்? இல்லையா? சரி. நல்ல பெண் நீ. குறுக்கே பேசாமல் கேட்டாய்.

திருமங்கலம் வந்துவிட்டதா? ஸ்டாண்டுக்கு எதிரேதான் பட்டறை. அதோ கூட்டம் நிற்கிறது, வேன் முந்திக்கொண்டது போலிருக்கிறது. வடிவு குடத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நிற்கிறாள் பார், கனம் தாங்காமல். ஓரமாக நிற்பது யார் தெரிகிறதா? வெள்ளை வேட்டி. அவர்தான். வேனில் ஏறி எனக்கு முன்னால் வந்து நிற்கிறார். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வருகிறார், என்னைத்தான் தேடுகிறார். தேடட்டும். அவர் கண் முன்னாலேயே அறுக்கச் சொல்கிறேன்.

அந்தப் பையை மட்டும் எடுத்துக் கொடு, தாயி. எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தபடியே எடு. இரண்டு கை எதற்கு? ஒரு கை போதும்.